காலோ மாஸ்டரின் சிவப்புக் கோடு

ரப்பர் குழாயின் முனையை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கு நுனியால் ஓட்டையை அடைத்தேன். குழாய் நாக்கைக் கவ்விக்கொண்டது. இருபது எண்ணினேன், விடவில்லை. முப்பது எண்ணினேன், அப்போதும் விடவில்லை. பழைய பெட்ரோலும் துருவும் கலந்த ருசி தொண்டை வரை போனது. ஆனாலும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் மலையூர் ரியோபாம்பாவின் பழைய இரும்புக் கடைகளை எல்லாம் மூன்று மாதம் சுற்றி, முகம் நசுங்கிப்போன ஒரு பிக்கப்பின் பானெட்டுக்கு அடியில், கிழியாத ஒரு வாக்குவம் டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டேன். கடைக்காரம்மா அவித்த சோளத்தைக் கொறித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"ஏம்மா, அதுக்கு எதுக்கு முத்தம் குடுக்குற? ஊர்ல ஆம்பளைங்களுக்கா பஞ்சம்?"

நாக்கு மாட்டிக்கொண்டிருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டினேன்.

அந்த டப்பா என்ன செய்யும் என்று யாராவது கேட்டால் நான் ஒரு மணி நேரம் பேசுவேன். அதற்குள் என் அக்கா மரிட்சா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். சுருக்கமாகச் சொல்கிறேன். சிலிண்டருக்குள் பொறி எப்போது விழ வேண்டும் என்பதுதான் டைமிங். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே விழ வேண்டும். எவ்வளவு முன்னால் என்பதை டிகிரியில் சொல்வார்கள். பொறியைப் பங்கிட்டு அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் திருப்பி அதை வைக்கலாம். பாதி மிதியில் வண்டி ஓடும்போது இன்னும் கொஞ்சம் முன்னால் போனால் நல்லது. அந்த வேலையை இந்தத் தகர டப்பா பார்த்துக்கொள்ளும். எஞ்சின் உறிஞ்சும்போது டப்பாவுக்குள் இருக்கும் ரப்பர்த் தகடு இழுபடும், டைமிங் முன்னால் நகரும். ரப்பர் கிழிந்துவிட்டால் ஒன்றும் நகராது.

க்ளேவர் மாமாவின் வண்டியில் அது கிழிந்து பல வருஷம் ஆகியிருந்தது. மாமா என்றால் மரிட்சாவின் புருஷன். எழுபத்தொன்பதாம் வருஷத்து ஃபோர்டு பிக்கப், ஆறு சிலிண்டர், பின்னால் மரச்சட்டம் கட்டியது. உருளைக்கிழங்கு மூட்டையோ, கல்யாண வீட்டு நாற்காலியோ, எதைக் கொடுத்தாலும் ஏற்றுவார். அந்த வண்டிதான் அவர்கள் வீட்டுச் சோறு. ஊர் மெக்கானிக் காலோ மாஸ்டர் கிழிந்த டப்பாவை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு வருகிற குழாயின் வாயில் ஒரு திருகாணியைச் செருகி அடைத்து வைத்திருந்தார். டப்பா கொடுக்காத முன்தள்ளலை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பியே ஈடுகட்டியிருந்தார். எல்லாம் காதால்தான். அவருடைய பட்டறையில் டைமிங் லைட் கிடையாது. எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடி, டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை அந்தப் பக்கம், ஒரு மயிரிழை இந்தப் பக்கம் திருப்புவார். பிறகு தூரிகையால் ஒரு கோடு போடுவார், அவ்வளவுதான்.

உண்மையில் இரண்டு கோடு. வெள்ளைக் கோடு எங்கள் மலைக்கு, சிவப்புக் கோடு கடற்கரைக்கு. எங்கள் ஊரில் காற்று மெலிந்தது, அதனால் பொறி சீக்கிரமே விழ வேண்டும். கீழே குவாயாகில் பக்கம் காற்று தடிமன், வெக்கை. அங்கே அதே டைமிங்கில் ஓட்டினால் எஞ்சினுக்குள் நெருப்பு முந்திக்கொண்டு மோதும், கிலுகிலு என்று சத்தம் வரும். எங்கள் ஊரில் அந்தச் சத்தத்துக்குச் சலங்கை என்றே பெயர். எஞ்சின் சலங்கை கட்டிவிட்டது என்பார்கள். அதனால் மலை இறங்குகிறவர்கள் அடிவாரத்து ஊரான புகாயில் வண்டியை நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டைத் தளர்த்தி, வெள்ளையிலிருந்து சிவப்புக்குத் திருப்பி முடுக்குவார்கள். திரும்பி வரும்போது மறுபடி வெள்ளைக்கு. ரியோபாம்பாவில் ஓடுகிற பாதிப் பழைய வண்டிகளில் காலோ மாஸ்டரின் இரண்டு கோடுகள் இருந்தன.

எனக்கு அது பொறுக்கவில்லை. பொறாமை என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். பதிவு அலுவலகத்துக்கு எதிரே நகல் எடுக்கிற கடையில் நாள் முழுக்க நிற்கிறவள் நான். கைபேசியில் பழைய வண்டிக்காரர்களின் குழுவில் கிடந்து, அச்சு மங்கிப்போன கையேடுகளைப் பக்கம் பக்கமாகப் படித்து, தலைநகர் கீத்தோவிலிருந்து ஒரு டைமிங் லைட் வரவழைத்திருந்தேன். அதை முதல் தடவை கைப்பந்து மைதானத்துக்கு எடுத்துப்போய்க் காட்டிய அன்று காலோ மாஸ்டர் சட்டையைக் கழற்றிப்போட்டு ஆடிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயசு இருக்கும், தொப்பை குலுங்க வந்து லைட்டை வாங்கி, தன் உள்ளங்கையில் அடித்துப் பார்த்தார்.

"லைட்டு அடிச்சுப் பாக்குறது கோழி முட்டைய, யெசெனியா. எஞ்சின காதால கேக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. லைட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கண்ணாடியைத் தன் பனியனால் துடைத்துத்தான் கொடுத்தார். ஆனால் அன்றிலிருந்து மூன்று மாதம் கோழி முட்டை, கோழி முட்டை என்று எனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

டப்பா கிடைத்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாமா மைதானத்தில் இருந்தபோது, முற்றத்தில் வண்டியின் பானெட்டைத் தூக்கினேன். மாஸ்டர் கை வைத்த இடத்தில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்பது மாமாவின் சட்டம். அதனால் அவசர அவசரமாகத்தான் செய்தேன். கிழிந்ததைக் கழற்றி, புதுசாகக் கிடைத்ததை மாட்டினேன். குழாயை விரலால் அடைத்துக்கொண்டு லைட்டை எஞ்சின் முகப்பில் இருக்கிற புல்லிச் சக்கரத்தின் மேல் அடித்தேன். லைட் மினுங்குகிற வேகத்தில், சுற்றுகிற புல்லி நின்றுபோன மாதிரி தெரியும். அதன் குறி எந்த எண்ணுக்கு நேராக நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பதினாறு. கையேடு சொல்வது ஆறு, எங்கள் உயரத்துக்குப் பத்து வைக்கலாம். பத்தில் வைத்தேன். குழாயை டப்பாவில் மாட்டியதும் குறி மெல்ல முன்னால் நடந்து போனது. டப்பாவுக்கு உயிர் வந்துவிட்டது. அந்த முற்றத்தில் நான் தனியாக ஒரு சுற்று ஆடினேன்.

மாமா வந்து ஒரு தெரு ஓட்டிவிட்டு இறங்கினார்.

"என்ன புள்ள பண்ணுன? பட்டினி போட்ட கழுத மாதிரி நடக்குது."

"ஒண்ணும் பண்ணல மாமா. லைட்டு வச்சுப் பாத்தேன், கொஞ்சம் நகந்துருச்சு போல."

"மாஸ்டர் கோட்டுலயே வச்சிரு. உன் லைட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அப்போதே சொல்லியிருக்கலாம். பத்துதான் சரி மாமா, அந்தப் பழைய முரட்டு இழுப்புக்கு உங்கள் கால் பழகிவிட்டது, இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஸ்பானரை எடுத்து டிஸ்ட்ரிபியூட்டரை வெள்ளைக் கோட்டுக்கே திருப்பினேன். பதினாறும் இருக்கிறது, அதற்கு மேல் உயிருள்ள டப்பாவும் இருக்கிறது. வண்டி பறந்தது. பக்கத்து ஊரான யாருக்கிஸின் ஏற்றத்தை மூன்றாம் கியரிலேயே ஏறினேன் என்று மாமா மைதானத்தில் போய்ச் சொன்னார். என் கொழுந்தியா லைட்டு அடிச்சா, வண்டி குதிரையாயிடுச்சு என்றார். காலோ மாஸ்டர் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அப்படியா, சந்தோஷம் என்று என் பக்கம் தலையசைத்தார். டப்பாவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. சும்மா பாத்தேன், அவ்வளவுதான் என்று பணிவாகச் சொன்னேன். அந்தப் பணிவை இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது.

வியாழக்கிழமை, யாருடைய நிலப் பத்திரத்தையோ நாற்பது பக்கம் நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது, பதினேழாவது பக்கத்தில் எனக்கு உறைத்தது. மலையில் காற்று மெலிவு, அதனால் எஞ்சினின் உறிஞ்சலும் மெலிவு, டப்பா பாதிதான் இழுக்கும். கீழே போனால் முழுசாக இழுக்கும். காலோ மாஸ்டரின் சிவப்புக் கோடு செத்த டப்பாவுக்குப் போட்ட கோடு. உயிருள்ள டப்பாவோடு அந்தக் கோட்டில் கடற்கரையில் ஓட்டினால் டைமிங் எங்கேயோ போய்விடும். பத்திரத்தின் அடுத்த பக்கம் கோணலாக விழுந்தது. மறுபடி எடுத்தேன், அதுவும் கோணல்.

மறுநாள் மாமாவே கடைக்கு வந்தார், லைசென்ஸ் நகல் எடுக்க. குவாயாகிலில் குடியேறிய எங்கள் ஊர்க்காரர்கள் அங்கே குழந்தை இயேசு ஊர்வலம் நடத்துகிறார்கள், யாருக்கிஸ் ஆட்டக்காரர்கள் எட்டுப் பேரைச் சனிக்கிழமை காலையில் ஏற்றிப் போகிறார். வேண்டுதலுக்கு ஆடுகிற நடனம். அவர்கள் வராமல் ஊர்வலம் கிளம்பாதாம். வரிசையில் நின்ற நாலைந்து பேருக்கும் கேட்கிற மாதிரி மாமா பேசினார்.

"இதான் என் கொழுந்தியா. டை கட்டுன இஞ்சினியரெல்லாம் இவகிட்ட பிச்ச வாங்கணும்."

நகல் இயந்திரத்தின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டே நின்றேன். அவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பாட்டி, நல்ல பொண்ணு என்றாள். லைசென்ஸ் நகலைச் சூடாகக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"மாமா, புகாய்ல மறக்காம சிவப்புக் கோட்டுக்கு மாத்திடுங்க."

"எனக்கேவா?" என்று என் தலையைத் தட்டிவிட்டுப் போனார்.

ஒன்றுமே சொல்லாமல் இருந்திருந்தால்கூட இதைவிடப் பரவாயில்லை. சிவப்பையும் தாண்டி இன்னும் ஒரு விரல் பின்னால் தள்ளுங்கள் என்று சொல்ல வேண்டியவள், எது தப்பு என்று தெரிந்ததோ அதையே செய்யச் சொல்லி அனுப்பினேன். எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம்: ஒருவேளை ஒன்றும் ஆகாது. மெதுவாகத்தான் ஓட்டுவார்.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு மரிட்சா கடை வாசலுக்கு ஓடி வந்து கைபேசியை என் காதில் வைத்தாள். மாமாவின் குரலுக்குப் பின்னால் லாரிகள் போகிற சத்தம் கேட்டது. கரும்புக் காட்டுக்கு நடுவில் நிற்கிறார்கள். எஞ்சின் திடீரென்று தடதடவென்று உதறி, நீலப் புகை கக்கி நின்றுவிட்டது. வெக்கையில் பட்டுத் துணியும் இறகுக் கிரீடமும் கண்ணாடி பதித்த மார்புத் தகடுமாக எட்டுப் பேர் சாலை ஓரத்தில் நிற்கிறார்கள். போகிற பேருந்தில் இருந்தவர்கள், மலைக்காரனுங்க நடந்தே திருவிழாவுக்குப் போறானுங்க டோய் என்று கத்திவிட்டுப் போனார்களாம். இரண்டு பேருக்கு மயக்கம். குவாயாகிலில் பேண்டு வாத்தியக்காரர்கள் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு, ஆட்டக்காரர்கள் இல்லாமலே குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

"சிவப்புலதான் வச்சேன்" என்று மாமா திரும்பத் திரும்பச் சொன்னார். "புகாய்லயே எறங்கி வச்சேன். சத்தியமா சிவப்புலதான்."

சாயங்காலம் ஒரு லாரி வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காலோ மாஸ்டர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. விடிந்ததும் மாமா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தபோது நான் அந்த முற்றத்துக்குப் போனேன். டப்பாவிலிருந்து குழாயைப் பிடுங்கினேன். பையிலிருந்து ஒரு திருகாணியை எடுத்து, முன்பு மாஸ்டர் அடைத்து வைத்திருந்த மாதிரியே குழாயின் வாயில் செருகினேன். டப்பாவின் மேல் கொஞ்சம் கிரீஸைத் தடவி, தரையிலிருந்து மண்ணை எடுத்து அதன் மேல் ஒட்டினேன். நகல் கடையில் வேலை செய்கிற மாதிரி சுத்தமாகச் செய்தேன். பழசு எப்படி இருந்ததோ அச்சு அசல் அப்படியே.

ஒன்பது மணிக்கு மாஸ்டர் வந்தார். மைதானத்து ஆட்கள் நாலு பேர் பின்னாலேயே வந்தார்கள். மாமா பானெட்டைத் தூக்கி, விரலை நீட்டினார்.

"கோட்டப் பாருங்க மாஸ்டர். இது நீங்க போட்ட கோடா, இல்லையா?"

மாஸ்டர் குனிந்து வெகு நேரம் பார்த்தார். "என் கோடுதான்."

"அதுல முடி அளவு தள்ளியிருக்கனா?"

"தள்ளல. நேராத்தான் இருக்கு." குழாயைத் தொட்டுப் பார்த்தார், திருகாணியை ஒரு தடவை அழுத்தினார். அவர் கை நகர்ந்துவிட்டது. ஆறாவது சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். அதன் முனையில் வெள்ளி மணல் மாதிரி உருகிய அலுமினியம் ஒட்டியிருந்தது. பிஸ்டன் ஓட்டையாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம். அதை யாருக்கும் விளக்காமல் மாமாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"சலங்கச் சத்தம் கேக்கலையா க்ளேவர்? இப்படி ஆகுறதுக்கு முன்னால ரொம்ப நேரம் கத்தியிருக்குமே."

"பின்னால எட்டுப் பேரு, ஆளுக்கு ரெண்டு காலு. முட்டி வரைக்கும் வெண்கலச் சலங்க கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. ரோடெல்லாம் பள்ளம். எது எஞ்சினு சலங்க, எது குழந்த இயேசு சலங்கன்னு எனக்கு எப்படி மாஸ்டர் தெரியும்?"

யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீ லைட்டு வச்சுப் பாத்தியாமே. எவ்வளவு காட்டுச்சு?"

"வெள்ளைல பதினாறு மாஸ்டர்."

"சிவப்புல?"

"அதப் பாக்கல. நான் பாக்க மட்டும்தான் செஞ்சேன். கோடு உங்க கோடுதான்."

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. நான் பொய் சொன்ன நாட்கள் நிறைய உண்டு, அதெல்லாம் மறந்துபோயிற்று. உண்மைகளாலேயே கட்டிய இந்த ஒன்று மட்டும் எங்கே போனாலும் கூட வருகிறது.

மாஸ்டர் துணியால் கையைத் துடைத்தார், ஏற்கெனவே துடைத்த விரல்களையே மறுபடி துடைத்தார். "அப்ப தப்பு என்னோடதுதான். கூலி வேணாம் க்ளேவர். எஞ்சின நான் எறக்கிக் கட்டித் தரேன்." பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார். "எடது காது கொஞ்ச நாளாவே சரியில்ல. வீட்டுல சொல்லிட்டே இருந்தா. நான்தான் கேக்கல."

கேக்கல என்ற வார்த்தைக்கு மைதானத்து ஆட்கள் மறுபடி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடுமோ என்று சிரித்தேன்.

எஞ்சின் கட்ட மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் மாமா வாடகை வண்டி பிடித்து மூட்டை ஏற்றினார். மைதானத்தில் யாராவது பந்தை வெளியே அடித்தால், காலோவோட செவப்புக் கோட்டத் தாண்டிருச்சுடா என்று கத்துவது வழக்கமாகிவிட்டது. முதல் ஞாயிறு மாஸ்டரும் சேர்ந்து சிரித்தார். இரண்டாம் ஞாயிறு கொஞ்சம் முன்னாலேயே கிளம்பினார். மூன்றாம் ஞாயிறு வரவில்லை. கடற்கரைக்குப் போகிற வண்டிக்காரர்கள் ஊருக்கு வெளியே இருக்கிற புதுப் பட்டறைக்குப் போக ஆரம்பித்தார்கள். ஒருநாள் ரொட்டிக் கடை வண்டியின் பானெட் திறந்து கிடந்ததைப் பார்த்தேன். டிஸ்ட்ரிபியூட்டரில் வெள்ளைக் கோடு இருந்தது. சிவப்பு இருந்த இடத்தை யாரோ ஸ்க்ரூடிரைவரால் சுரண்டியிருந்தார்கள்.

மரிட்சாவிடம் மட்டும் சொன்னேன். அவள் குழந்தையின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். முழுசும் கேட்டாள், ஊசியை நிறுத்தவே இல்லை.

"எஞ்சின் வேல முடியட்டும்" என்றாள்.

"முடிஞ்சதும்?"

"முடிஞ்சதும் முடிஞ்சதுதான். இப்பப் போயி நீ சொன்னா அவரு வேலைய நிறுத்திருவாரு. எங்க வீட்டுல அடுப்பு எரிய வேணாமா?" நூலைப் பல்லால் கடித்தாள். "உன் கையக் கால வச்சுட்டு சும்மா இருந்திருந்தா இதெல்லாம் இல்லல்ல."

எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன். அக்கா வேண்டாம் என்கிறாள், அக்கா வீட்டுச் சோறு, நான் என்ன செய்ய முடியும் என்று நினைத்துக்கொண்டு அன்று நன்றாகச் சாப்பிட்டேன். இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

வண்டி ஓட ஆரம்பித்து ஒரு வாரம் கழித்து, காலோ மாஸ்டர் நகல் கடைக்கு வந்தார். குளித்து, தலை வாரி, முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். நகல் எடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்துக் கையை நீட்டினேன். கையில் காகிதம் ஒன்றும் இல்லை. தொப்பியைத்தான் பிடித்திருந்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் போகட்டும் என்று சுவரோரம் ஒதுங்கி நின்றார். கடை காலியானதும் வந்தார்.

"யெசெனியா, சனிக்கிழம உனக்கு மத்தியானத்தோட கட முடிஞ்சிரும்ல?"

"ஆமா மாஸ்டர்."

"லைட்ட எடுத்துக்கிட்டு பட்டறைக்கு ஒரு நட வர்றியா? நான் வைக்கிறத நீ சரி பாத்துச் சொன்னா..." தொப்பியைத் திருப்பினார். "சும்மா வேணாம். உனக்கு என்ன குடுக்கணுமோ குடுக்கறேன். ஒரு ஆளு கண்ணு கூட இருந்தா நல்லதுன்னு படுது."

மூன்று மாதம் நான் கனவு கண்டது இதைத்தான். அவர் பட்டறைக்குள் என் லைட்டோடு நுழைய வேண்டும், எல்லோரும் பார்க்க அவர் என்னைக் கேட்க வேண்டும். கனவில் அவர் சட்டை இவ்வளவு நன்றாகத் தேய்த்திருக்கவில்லை. வரேன் மாஸ்டர் என்றேன்.

சனிக்கிழமை பட்டறையில் நாலு பேர் இருந்தார்கள். வெல்டிங் வைக்கிற ஆள், ரொட்டிக் கடை வண்டிக்காரர், பேச்சுத் துணைக்கு வந்து உட்கார்ந்திருந்த இரண்டு மைதானத்து ஆட்கள். ரொட்டி வண்டியின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் கண்ணை மூடி, வலது காதை எஞ்சின் பக்கம் சாய்த்து, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, நிறுத்தினார். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பரீட்சைத்தாளைக் கொடுத்துவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்க்கிற பிள்ளை மாதிரி பார்த்தார்.

குழாயைக் கழற்றி அடைத்தேன். லைட்டை அடித்தேன். புல்லி நின்றது. குறி பத்துக்கு நேராக நின்றது. ஒரு மயிரிழைகூடத் தள்ளி இல்லை, பத்தின் மேலேயே.

"பத்து மாஸ்டர். சரியா பத்து."

"எனக்காகச் சொல்லாத."

"இல்ல மாஸ்டர், நிஜமாவே பத்து."

"க்ளேவர் வண்டிக்கும் இப்படித்தான் பட்டுச்சு எனக்கு. இதே மாதிரிதான் காதுல நல்லா விழுந்துச்சு." போல்ட்டை மறுபடி தளர்த்தினார். தான் வைத்த இடத்திலிருந்து, தன் காதுக்கு எதிராக, டிஸ்ட்ரிபியூட்டரைப் பின்னால் தள்ளினார். எஞ்சினின் குரல் கனத்தது, இருமுகிற மாதிரி ஆனது. அவர் முகம் அந்தச் சத்தத்துக்குச் சுருங்கியது, ஆனாலும் கையை எடுக்கவில்லை. "இப்ப எவ்வளவு?"

"ஆறு."

"புக்குல ஆறுதான போட்டிருக்கு? அப்ப இதுதான் சரி. என் காதுக்குத்தான் புடிக்கல. இதுலயே முடுக்கிடறேன்."

ஸ்பானரை எடுத்தார். ரொட்டிக் கடைக்காரர், நல்லாப் பாத்து வைங்க மாஸ்டர், நாளைக்கு மலை ஏறணும் என்றார். மைதானத்து ஆட்களில் ஒருத்தன், பொண்ணு சொல்றதக் கேளுங்க, உங்களுக்குத்தான் கேக்காதே என்றான். மாஸ்டர் அவனைப் பார்த்துப் புன்னகைத்தார். பழைய சிரிப்பு இல்லை அது. வாசலில் நிற்கிறவர்கள் உள்ளே கூப்பிடுவார்களா என்று பார்த்துச் சிரிப்பது மாதிரி ஒரு சிரிப்பு.

எஞ்சின் இருமிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் இருக்கும்போதே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொன்ன மாதிரியும் இருக்கும், யாருக்கும் கேட்டிருக்காது. இந்த யோசனை எனக்கு வந்தது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். லைட்டின் விசையிலிருந்து விரலை எடுத்தேன். புல்லி மறுபடி வெறும் சுழலாகிவிட்டது. அவருடைய இடது தோளுக்குப் பக்கத்தில் நின்று, எஞ்சினைப் பார்த்துக்கொண்டே, உதடு மட்டும் அசைகிற மாதிரி சொன்னேன்.

"மாமா வண்டில டப்பாவ மாத்துனது நான். குழாய்ல திருகாணிய மறுபடி அடிச்சதும் நான்தான். உங்க கோட்டுல தப்பு இல்ல."

ஸ்பானர் பாதி முடுக்கில் நின்றது.

"என்ன சொன்ன?"

லைட்டின் வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"இந்தக் காதுல விழல யெசெனியா. டைமிங் பத்தியா? இரு." அவர் என்னைச் சுற்றி வந்து, தன் வலது பக்கம் என் வாய்க்கு வருகிற மாதிரி நின்றார். காதை மறைத்த மயிரைக் கையால் ஒதுக்கினார். அப்போதும் எஞ்சின் இருமல் நிற்கவில்லை. "ஒரு நிமிஷம், இத நிறுத்திடறேன். நிதானமாச் சொல்லு, எல்லாரும் கேட்டுக்கட்டும், எனக்கு மட்டும் எதுக்கு."

ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். பட்டறை முழுக்க அமைதியானது. வெல்டிங் ஆள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எங்களைப் பார்த்தான். மைதானத்து ஆட்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். எஞ்சின் நின்ற பிறகும் அதன் மின்விசிறி மட்டும் வேகம் குறைந்து சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இறக்கையாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. நாலாவது இறக்கையின் ஓரம் உடைந்திருந்தது. அது மேலே வந்து, இறங்கி, மறுபடி மேலே வந்து, நின்றது.